என் குரலை விற்றவன்

விழுப்புரத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அறிவிப்புச் சொல்கிற தொழில் எங்களுடையது. ஆட்டோ என் வீட்டுக்காரருடையது, வாய் என்னுடையது. துணிக்கடைத் தள்ளுபடி, கண் முகாம், காணாமல் போன கறவை மாடு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள், யார் வீட்டில் சாவு என்று எல்லாவற்றையும் நான்தான் சொல்வேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பேச்சு எங்கும் போய்க் கற்றதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பேன், நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் அதை விடமாட்டேன். மார்க்கெட் கமிட்டிக்கு வேர்க்கடலை மூட்டையோடு வந்த ஒரு விவசாயி, "மல்லாட்டை விலை உக்காந்துக்கினு இருக்குது, எழுப்பினாலும் எழுந்துக்க மாட்டேங்குது" என்றார். மறுநாள் மைக்கில் அதையே சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், சொன்னவரும் சிரித்தார்.

சாவு அறிவிப்பில் மட்டும் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எங்கள் பக்கத்தில் சாவுக்கு யாரும் அழைப்பதில்லை. காதில் விழுந்தால் கிளம்ப வேண்டியதுதான். பகையாளியாக இருந்தாலும், பத்து வருஷம் பேசாமல் இருந்தவனாக இருந்தாலும் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போய் நிற்பான். நிஜமாகவே செத்துவிட்டாரா என்று போன் போட்டுக் கேட்க எந்த வாய்க்கு வரும்? கேட்கவே மாட்டார்கள். அதனால் சொல்கிறவள்தான் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த வீட்டு மனுஷர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் நான் மைக்கில் சாவு சொன்னதே இல்லை.

திண்டிவனத்துத் தம்பி எங்களைத் தேடி வந்தது கோலியனூரில். மோட்டார் சைக்கிளில் ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். துணிக்கடை ஆள் வேவு பார்க்கிறான் என்று நினைத்து நான் சத்தத்தைக் கூட்டினேன். கடைசியில் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினான்.

"யக்கா, உங்க குரலு எனக்கு வேணும்க்கா" என்றான்.

என் வீட்டுக்காரர் ஹேண்டில் பாரைப் பிடித்தபடியே சொன்னார், "குரலை மட்டும் தனியா கழட்டித் தர முடியாதுப்பா. ஆளும் கூடத்தான் வரும்."

அவன் இன்ஜினியரிங் படித்துவிட்டு சென்னையில் வேலை பார்த்து, அது பிடிக்காமல் ஊருக்கு வந்தவன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேக்கரிக்கு மேலே ஒரு அறை. கூட்டாளிகள் சிலர், கம்ப்யூட்டர்கள் சில. செல்போனில் ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்கள். எந்தக் கமிட்டிக்கு எவ்வளவு மல்லாட்டை வந்தது, என்ன விலை போனது, எந்த லைனில் கரண்ட் இருக்காது, எந்த ஊரில் சாவு என்று காலையில் அது பேச வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் கேட்கத் தெரியுமே என்பான். அந்தப் பேச்சு என்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

சேர்ந்தோம். காலையில் வீட்டிலிருந்தே போனில் பேசி அனுப்பிவிடுவேன். "காலை வணக்கம் என் கண்ணுங்களா" என்றுதான் தொடங்குவேன். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, என் வாயில் வருவதுதான். செயலிக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது, ஒருவரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "அக்காவைப் போடு" என்பார்கள். அனந்தபுரம் சந்தைக்குப் போனால், தக்காளிக் கூடைக்குப் பின்னாலிருந்து என் குரலே எனக்கு வணக்கம் சொல்லும். அது ஒரு மாதிரி கூச்சமாகவும் இருக்கும், இன்னொரு கடைக்கும் போய்ப் பார்ப்போமா என்றும் இருக்கும்.

மாதத்தில் ஒருநாள் திண்டிவனத்துக்கு வரச் சொல்வான். சுவரெல்லாம் மெத்தை அடித்த சின்ன அறையில் உட்கார வைத்து, சம்பந்தமே இல்லாத வாக்கியங்களைப் படிக்கச் சொல்வான். ஒட்டகம் ஓடையைத் தாண்டியது. ஞாயிறு அன்று மஞ்சள் மலிவு. சந்தோஷமாக ஒரு தரம், துக்கமாக ஒரு தரம்.

"இத யாரு தம்பி கேக்கப் போறாங்க?" என்றேன்.

"மெஷினு கேக்கும்க்கா. உங்களுக்கு ஜலதோஷம் வந்துச்சின்னா ஒரு நாளைக்கு அதுவே பேசிக்கும்."

"அப்புறம் நான் எதுக்கு?"

"என்னாக்கா நீங்க. உங்க குரலு என்னைக்கும் உங்களதுதான்."

சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவான். எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் அவனும் கேப்பைக் கூழ் குடிக்காமல் போகமாட்டான். கருவாட்டுத் தொக்கை விரலால் வழித்துத் தின்பான். தம்பி என்று நான் கூப்பிட்டது வாய்ப்பழக்கத்தால் இல்லை.

இன்னொருத்தியைச் சொல்ல வேண்டும். திருவாமாத்தூரில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள், என்னைவிட மூத்தவள். சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறவள். கோயில் விசேஷத்துக்கு மைக் சொல்லப் போனபோது தொண்டை கட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டேன். நான் எந்தத் தெரு என்று தெரிந்துதான் அவள் வீட்டுச் சொம்பிலேயே தந்தாள். மாமியார் முறைத்ததற்கு, "தொண்டையில போற தண்ணிக்குத் தெரு தெரியுமா, போ அப்பால" என்றாள். அன்றிலிருந்து விழுப்புரம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். தாகம் இல்லாவிட்டாலும் குடிப்பாள். ஏன் குடிக்கிறாள் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கம்பெனியை விற்றது எனக்கும் எல்லோரையும் போலத்தான் தெரிந்தது. போனில் ஒரு செய்தி வந்தது. நாங்கள் ஒரு பெரிய குடும்பத்தோடு இணைகிறோம், உங்களுக்கு இனி எல்லாம் முன்பைவிடச் சிறப்பாக இருக்கும் என்று. தம்பியின் ஸ்டேட்டஸில் போட்டோ. கோட்டுப் போட்ட இரண்டு பேருக்கு நடுவில் நின்று கேக் வெட்டிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளை கோட்டுக்காரர்களோடு நிற்கிறானே என்று எனக்குப் பெருமை. சாமி படம் ஒன்றும் பூங்கொத்து ஒன்றும் அனுப்பிவைத்தேன். கைகூப்புகிற பொம்மை ஒன்று திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் இன்னும் பேசி அனுப்பவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து என் குரல் வந்தது. "காலை வணக்கம் என் கண்ணுங்களா." பழையதைப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அன்றைய தேதி சொன்னது. அன்றைய விலை சொன்னது. கரண்டியோடு வாசலில் வந்து நின்றேன். நான் சொல்லாததை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டது. "ம்" என்று நான் இழுக்கிற இழுப்பைக்கூட விடவில்லை.

"பேஷா பேசினீங்கக்கா இன்னைக்கு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"நான் பேசலடி."

"பின்ன உங்க ஆவியா?"

தம்பிக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வந்தது. அது முடியாத மீட்டிங்.

கொஞ்ச நாள் போனதும் அந்தக் குரல் வியாபாரம் ஆரம்பித்தது. விலை சொல்கிற நடுவில், கரண்ட் சொல்கிற நடுவில், மாட்டுத் தீவனம், பூச்சி மருந்து, செல்போன் ரீசார்ஜ். மார்கழிப் பட்டம் நெருங்கியதும் விதை. "என் கண்ணுங்களா, வீட்டு விதையைப் போட்டு ஏமாறாதீங்க. இந்தப் பாக்கெட்டை வாங்குங்க. நான் சொல்றேன், நம்புங்க." நான் சொல்றேனாம். துணிக்கடைக்குக்கூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தள்ளுபடி என்றால் தள்ளுபடி என்பேன், நம்புங்க என்று ஒருநாளும் சொல்லவில்லை. அது என் வீட்டுக்குள் இருக்கிற வார்த்தை.

திருவாமாத்தூர்க்காரி வந்தாள். எப்போதும் தெருமுனையிலேயே என்னைத் திட்டிக்கொண்டு வருகிறவள் அன்று சத்தமில்லாமல் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் முன்னால் தரையில் கொட்டினாள். மல்லாட்டை விதை. ஊறிக் கறுத்து, நசுக்கினால் கூழாகிற மாதிரி.

"பத்துக் குழியில ஒரு குழி மொளச்சிருந்தா பெருசு" என்றாள். "எங்க வீட்டு வெதக் காயை மூட்டையோட கமிட்டியில போட்டுட்டேன். நீ சொன்னியேன்னு."

"யக்கா, அது நான் இல்லக்கா."

"உங்கொரலு எனக்குத் தெரியாதா?"

"கொரலு என்துதான். பேசினது நான் இல்ல. கம்பெனிய வித்துட்டான். மெஷினு பேசுது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏமாந்ததுகூட இல்லடி. வெள்ளாமை வரும், போவும். நான்தான்டி சொன்னேன், தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லு, ஏத்துக்கினு போயிடறேன். மெஷினு பேசுச்சு, மாடு பேசுச்சின்னு என்னைச் சின்னக் கொழந்தையாட்டம் பண்ணாத."

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். கையை நீட்டவில்லை. "வேணாம்" என்றாள். "இனிமே உன் வாசல்ல கால் வைக்கறதா இல்ல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். நான் சொம்போடு நின்றேன். அப்போதுதான் எனக்குள் ஆத்திரம் பற்றிக்கொண்டது. அந்த விதைகளை ஒன்று விடாமல் பொறுக்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, சாமி மாடத்துக்குக் கீழே வைத்தேன். கற்பூரம் ஏற்றும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று.

கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுத்தார்கள். "வணக்கம் என் கண்ணுங்களா, உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்றது என் குரல். போனைக் காதிலிருந்து எடுத்து, எண்ணைச் சரியாகத்தான் போட்டேனா என்று பார்த்தேன். "நீங்க பேசறது சரியா கேக்கல, லைன்லயே இருங்க கண்ணு" என்றது. என்னை நானே கண்ணு என்று கொஞ்சிக் காத்திருக்கச் சொல்ல, நான் காத்திருந்தேன். என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி வைத்தார்.

திண்டிவனத்துக்குப் போனேன். பேக்கரிக்கு மேலே கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். கீழே வாசலில் காத்திருந்து பிடித்தேன். கார் வாங்கியிருந்தான்.

"தம்பி, என் குரலை அதிலேருந்து எடுத்துடு."

"யக்கா, அது இப்ப என் கையில இல்லக்கா. கம்பெனியோட சேந்து போயிடுச்சு. கம்ப்யூட்டரு, சேரு, டேபிளு எல்லாம் போச்சுல்ல, அந்த மாதிரி."

"நான் சேரா?"

"நீங்க ஒண்ணு. நான் சொன்னா மட்டும் கேப்பாங்களா? நானே அங்க இப்ப சம்பளக்காரன்க்கா."

"என் குரலு என்னைக்கும் என்துன்னு சொன்னியேடா."

அவன் போனைப் பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை, சும்மா பார்த்தான். "அடுத்த வாரம் பெரிய ஆளுங்க வர்றாங்கக்கா. இங்கியே மண்டபத்துல விழா. ஊர்ல நம்மள எப்படிக் கேக்கறாங்கன்னு நேர்ல பாக்கணுமாம். உங்கள மேடையில உக்கார வெச்சு சால்வை போடணும்னு நான்தான் சொல்லியிருக்கேன். பத்து மணிக்கு வந்துடுங்க, என்னா?"

சால்வை. பஸ்ஸில் திரும்பும்போது அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தேன். எவ்வளவு மென்றும் விழுங்க முடியவில்லை.

திருப்பிக் கொடுக்க வழி அவர்களே வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் ஊர் அறிவிப்பு என்றால் எனக்குத்தான் வரும், நான் விசாரித்துச் சொல்வேன். கம்பெனியை வாங்கினவர்கள் அந்த விசாரிப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் செயலியில் அறிவிப்பை எழுதிப் போடலாம். காலையில் அது சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் என் குரலில் போய்விடும். நடுவில் ஒரு மனுஷர் பார்ப்பது கிடையாது. இது நிஜம்தானா என்று சோதித்துப் பார்த்தேன். எங்கள் தெருக் குழாயில் காலை ஏழு மணிக்குப் பாயசம் வரும் என்று எழுதினேன். மறுநாள் காலை என் குரல் குஷியாக அதைச் சொன்னது. எதிர்வீட்டுக்காரி குடத்தோடு குழாயடியில் நின்றாள்.

"என்னாடி இது?"

"பாயசம்னு சொல்லுது. பொய்யாத்தான் இருக்கும். ஆனா நீங்க சொல்றீங்களேன்னு எதுக்கும் ஒரு எட்டு வந்தேன்."

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. நான் சொன்னால் பாயசத்துக்கும் குடம் எடுக்கிறார்கள். அதைத்தான் அவன் விற்றிருக்கிறான்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் என் பிள்ளைகளுக்கும் அம்மா வீட்டுக்கும் போன் போட்டு, நாளைக்கு என்ன கேட்டாலும் பதறாதீர்கள், நான் கல்லு மாதிரி இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். திருவாமாத்தூருக்குச் சொல்லவில்லை. சொல்ல நினைத்தாலும் என் போனை அவள் எடுக்கிற நிலையில் இல்லை. பிறகு உட்கார்ந்து எழுதினேன். மைக் ஆட்டோ அக்கா, உங்கள் செயலியின் அக்கா, இன்று விடியற்காலை காலமானார். முகம் பார்க்க விரும்புகிறவர்கள் பத்து மணிக்குள் திண்டிவனத்தில் செயலி விழா நடக்கும் மண்டபத்துக்கு வரவும்.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். "தாலி கட்டினவன் பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேக்காம சாவறியே."

"பூவும் பொட்டுமா போறேன். சந்தோஷப்படு."

"அப்ப நாளைக்குச் சமையல்?"

"செத்தவ சமைப்பாளா? ஓட்டல்ல தின்னு."

காலையில் எதிர்வீட்டு ஜன்னலில் அது வந்தது. மல்லாட்டை விலை சொல்லி முடித்து, ஒரு கணம் நிறுத்தி, குரலை இறக்கியது. சாவு சொல்லும்போது நான் இறக்குவேனே, அதே இறக்கம். துக்கமாக ஒரு தரம் படிங்கக்கா என்று மெத்தை அறையில் வாங்கிக்கொண்டானே, அது. என் சாவை என் குரல் அவ்வளவு பாசமாகச் சொன்னது. எதிர்வீட்டில் குடம் விழுகிற சத்தம் கேட்டது. ஓடிவந்தவள் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"நீங்க..."

"இருக்கேன்."

"இப்பதான செத்துட்டேன்னு சொன்னீங்க?"

"யாரு சொன்னா?"

"நீங்கதா..." என்றவள் வாயை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்னையும் பார்த்தாள், ஜன்னலுக்குள் இன்னும் பேசிக்கொண்டிருந்த போனையும் பார்த்தாள். "அப்ப அன்னைக்கு நான் பேசலன்னு நீங்க சொன்னது நெசந்தானா" என்றாள். வாயில் நுரையோடு தலையை ஆட்டினேன். போதும், வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டது.

தம்பியின் போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. என் வீட்டுக்காரருடையதும் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்து, ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு வைத்தார். "அழுவறான்" என்றார். அந்த மெஷினைச் செய்தவனே அதை நம்பிவிட்டான். அழட்டும் என்றேன். ஆட்டோவில் மைக்கை மாட்டச் சொன்னேன்.

நாங்கள் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்துத் தெருவில் ஆட்டோ நுழைய இடமில்லை. கோலியனூரிலிருந்து ஷேர் ஆட்டோக்கள், அனந்தபுரத்திலிருந்து ஒரு குட்டி யானை வேன் நிறையப் பெண்கள், சுற்றுப்பட்டு ஊர் ஆட்கள் மேளத்தோடு. எல்லார் கையிலும் ரோஜா மாலை. மண்டபத்து வாசலில் வாழை மரம், பலூன் வளைவு, வரவேற்புப் பலகை. அதன் கீழே பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். கோட்டுக்காரர்கள் வாசற்படியில் நின்றார்கள். ஊர்ச் சம்பிரதாய வரவேற்பு என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் அழுகிற பெண்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கழுத்தில் யாரோ அவசரத்தில் மாலையே போட்டுவிட்டிருந்தார்கள். மண்டபத்து மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு, "நாளைக்கு இங்க நிச்சயதார்த்தம் வெச்சிருக்கேன்யா, எவன்யா பொணம் எடுத்தாறச் சொன்னது?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"பொணம் எங்கய்யா?" என்று ஒரு பெரியவர் தம்பியின் சட்டையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா மொகத்த மறைச்சு வெச்சுக்கினு என்னா விழா வேண்டிக்கெடக்குது உனக்கு?"

அப்போதுதான் அந்தக் குரலைக் கேட்டேன். வாசலுக்கு நேரே, மாலையை மடியில் வைத்துக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு அழுதது திருவாமாத்தூர்க்காரி. என் வாசலில் கால் வைக்கமாட்டேன் என்றவள் முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"நான் பேசாம இருந்தேனேடி, நீ என்கிட்ட பேசாமலே போயிட்டியேடி. ஒரு சொம்புத் தண்ணிய வேணான்னேனேடி."

நான் ஆட்டோவில் ஏறி நின்று மைக்கைப் போட்டேன்.

"செத்தவ பேசறேன்" என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. ஒரு குழந்தை மட்டும் தொடர்ந்து அழுதது. எல்லா முகமும் திரும்பியது.

"எம்மொகத்த நல்லாப் பாருங்க. வாய் அசையுதா? இது நான். காலையில என் சாவு உங்களுக்கு யாரு சொன்னா? எங்கொரலு சொல்லுச்சு. செத்தவ எழுந்து வந்து, நான் செத்துட்டேன், எல்லாரும் வாங்கன்னு எந்த ஊர்லயாவது சொல்லியிருக்கறாளா? அப்ப பேசினது யாரு? அதுதான் உங்களுக்குத் தீவனம் விக்குது. அதுதான் மருந்து விக்குது. வெத வாங்குன்னு, நம்புன்னு சொன்னதும் அதுதான். நான் இல்ல. எங்கொரல இதோ நிக்கறான் பாருங்க, என் வீட்டுல கூழ் குடிச்சவன், இவன் வித்துட்டான்."

கோட்டுக்காரர் ஒருவர் தம்பியின் காதில் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டார். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் வீங்கியிருந்தன. என்னை உயிரோடு பார்த்ததில் அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்ததை நான் கவனித்தேன். அது பொய்யில்லை, அழுத கண் எனக்குத் தெரியும். அதற்காக நான் இறங்கவில்லை.

கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் அனந்தபுரத்துப் பெண்கள் சிரித்தார்கள், அவிழ்த்த முடியை முடிந்துகொண்டே. சிரிப்பு நின்றதும் பெரியவர் போனை எடுத்தார். "இத எப்படிடா தூக்கறது?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டினார். ஒவ்வொருவராக நீட்டினார்கள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு அழித்துக் கொடுத்தார்கள். ஊரில் எப்படிக் கேட்கிறார்கள் என்று நேரில் பார்க்க வந்தவர்கள் படியில் நின்று அதை நேரில் பார்த்தார்கள்.

திருவாமாத்தூர்க்காரி எழுந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆட்டோவுக்கு வந்தாள். மாலையால் என்னை ஓங்கி அடித்தாள். ரோஜா இதழெல்லாம் என் தலையில் கொட்டியது.

"எவடி இப்படிச் சாவா? சின்னப் புள்ளையாட்டம் மூக்க ஒழுக விட்டுக்கினு மூணு பஸ் மாறி வந்தேன்டி. மாலைக்கு ஒருத்தன் ஆனை வெல சொன்னான்."

"யக்கா, அன்னைக்கும் இதத்தானக்கா சொன்னேன்."

"சொன்ன. நான் என்னா கண்டேன்?" அவள் மூச்சு வாங்கினாள். "அந்த வெதை எங்க?"

அதை நான் எடுத்து வந்திருப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. அந்த விதையை நான் தூக்கிப்போட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். சீட்டுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். நேராகத் தம்பியிடம் போனாள்.

"கைய நீட்டு."

அவன் நீட்டவில்லை. அவளே அவன் கையைப் பிடித்து விரித்து, கறுத்துப்போன விதைகளைக் கொட்டினாள். அது நாறியது. அவன் கையை உதறப் பார்த்தான், விரலை மடக்கி மூடிவிட்டாள்.

"நீ வித்ததுக்கு இதான் வெதை. கொண்டுபோய் உன் வீட்டுத் தோட்டத்துல போடு. என்னா மொளைக்குதுன்னு பாரு."

அவன் என்னைப் பார்த்து, "யக்கா" என்றான். நான் மைக்கை அணைத்தேன். எனக்கென்று வைத்திருந்த சால்வை மேடையில் தட்டில் அப்படியே இருந்தது. அதை யாருக்குப் போட்டார்களோ தெரியாது.

வாங்கினவர்கள் அதற்குப் பிறகு என் குரலை எடுத்துவிட்டார்கள். வழக்குக்குப் பயந்தா, ஆள் போய்விட்டார்கள் என்றா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது வேறு யாரோ ஒரு பெண் பேசுகிறாள், எந்த ஊர்க்காரி என்றே சொல்ல முடியாத தமிழ். கேட்கிறவர்கள் குறைவு. தம்பியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். வருத்தப்பட்டாயா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றேன். அவன் வந்து கூழ் கேட்டால் ஊற்றுவாயா என்றார். ஊற்றமாட்டேன் என்றேன். அவன் திருந்தினாலும் சரி, திருந்தாவிட்டாலும் சரி. நான் மறுபடி ஆட்டோவில்தான் சொல்கிறேன். சொல்வது யார் என்று பார்த்துக்கொள்ளட்டும் என்று பக்கவாட்டுத் திரையைச் சுருட்டிக் கட்டச் சொல்லிவிட்டேன்.

அன்று மண்டபத்திலிருந்து அவளை ஆட்டோவிலேயே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். தலையிலிருந்து ரோஜா இதழைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் உட்காரவில்லை.

"தண்ணி குடுடி."

சொம்பை வாங்கி அண்ணாந்து பாதி குடித்தாள். நிறுத்தி, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"அந்தக் கோட்டுக்காரன் கழுத்துல மாலை போட்டது யாருன்னு பாத்தியா?"

"இல்லக்கா. யாரு?"

"நான்தான். ரெண்டு மாலை வாங்கியாந்தேன், அதுல ஒண்ணு. அவன்தான் வீட்டுக்கு மூத்தவன் போலன்னு நெனச்சிட்டேன்" என்றாள். சொம்பைக் கீழே வைக்காமல், "தம்பி மூஞ்சி எப்படிப் போச்சு, நீ சொல்லு. நான் அழுதுக்கினு இருந்ததுல மொதல்ல இருந்து சரியா பாக்கல" என்றாள்.

சொன்னேன். மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.